மாடிக்குப் போனவர்கள்

பேச்சுக் குமிழுக்குள் பதினோரு சொல்தான் நிற்கும்.
பன்னிரண்டாவது வந்தால்
ஓவியர் அருளானந்து
துப்பறிவாளனின் தொப்பியைக் குறுக்கிவிட்டு
என்னைத் திட்டுவார்.
யானைக்கல்லில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஆபீஸ்.
கீழே மிளகாய் அரைக்கும் நாளில்
கொலைகாரன் உட்பட எல்லாருக்கும் தும்மல்.
கதைக்கு நாற்பது ரூபாய். பெயர் போடுவதில்லை.
பொம்பளை எழுதினது என்றால்
பையன்கள் வாங்க மாட்டார்களாம்.

துப்பறிவாளனுக்கு டார்ச் பிடிக்க
ஒரு பொடியனை எழுதினேன். பெயர் பொட்டலம்.
பதினாலாம் பக்கத்தில் சுரங்கத்துக்குள் போனான்.
பதினைந்தில் அருளானந்துக்கு மஞ்சள் காமாலை.
மாற்றாக வந்தவர் அவனை வரையவில்லை.
கள்ளநோட்டுக் கும்பல் பிடிபட்டது,
முற்றும் போட்டாயிற்று,
பொட்டலம் வெளியே வரவில்லை.
மேலூரிலிருந்து ஒரே ஒரு கார்டு:
'அந்தப் பையன் எங்கே சார்?'
'சார்' என்று இருந்ததால்
எனக்கில்லை என்று எடுத்து வைத்துவிட்டேன்.

அப்புறம் சீரியல்.
சென்னைக்கே வந்துவிடச் சொன்னார்கள்.
இவருக்கு மில்லில் ஷிப்ட், மகனுக்குப் பத்தாம் வகுப்பு.
ஆரப்பாளையம் எஸ்டிடி பூத்திலிருந்து
ஃபேக்ஸ், பக்கம் பன்னிரண்டு ரூபாய்.
பூத்துக்காரர் ஜெயவீரன் ஒவ்வொரு தாளாகப் படித்துத்தான் உள்ளே விடுவார்.
"அக்கா, இன்னைக்கும் அந்த மருமக
பாலைக் குடிக்கலையா?"

இருநூற்றுப் பன்னிரண்டாம் எபிசோடில்
சித்தப்பா கண்ணாடி எடுக்க மாடிக்குப் போனார்.
நடிகர் சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறார்.
போன் வந்தது:
"அவரை இறக்க வேணாம் மேடம்.
கொல்லவும் வேணாம். திரும்பி வந்தாலும் வருவார்."
கீழே மூன்று கல்யாணம், ஒரு கருமாதி, சொத்துப் பிரிவினை.
சித்தப்பாவின் பங்கைப் பற்றி
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான்தானே திறக்க வைக்க வேண்டும்.

ஒரு தடவை செட்டைப் பார்க்கப் போனேன்.
மாடிப்படி மொத்தம் ஏழு.
அதற்கு மேல் பிளைவுட்.
பின்னால் ஒரு டேபிள் ஃபேன்,
யாரோ காயப்போட்ட துண்டு.
டைட்டிலில் என் பெயர் ஓடியது.
'கோமதி' வரை படித்தேன், சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

ஐம்பத்தேழு வயதில்
பதின்பருவப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல்.
செல்லூரில் வாடகை வீடு,
எட்டாம் வகுப்பு ஷர்மிளா பானு, ஏழு படி.
எட்டாவதை நானே கட்டினேன்.
குமிழ் கிடையாது, இடைவேளை கிடையாது,
வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் கேட்க ஆளில்லை
என்று தெரிந்ததும் மூன்று நாள் கை ஓடவில்லை.
ஓடியபோது
பதினோரு சொல்லில் தானாக நின்றது.

மேலே சித்தப்பா இருந்தார்.
கண்ணாடி அன்றைக்கே கிடைத்துவிட்டது,
யாராவது கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.
பக்கத்தில் ஒரு பொடியன்
சுவரில் டார்ச் அடித்து
அவருக்கு நாய், முயல் காட்டிக்கொண்டிருந்தான்.

புத்தகம் வந்தது. அட்டையில் கோமதிநாயகம்.
நாயகி போய் நாயகம்.
ஐந்நூறு பிரதி.
ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார் பதிப்பாளர்.
ஒட்டியது நாற்பதோ என்னவோ,
சித்திரை வெயிலில் அதுவும் உரிந்துவிட்டது.

தமுக்கம் புத்தகக் காட்சியில்
சீருடையோடு ஒருத்தி
நின்ற வாக்கிலேயே நாற்பது பக்கம் படித்தாள்.
வாங்கவில்லை.
"ஒரு டவுட்டு ஆண்ட்டி.
இத்தனை வருசமா அந்த டார்ச் எப்படி எரியுது?"
நான் வாய் திறப்பதற்குள்
கூட வந்தவள் பஞ்சுமிட்டாய்ப் பக்கம் இழுத்துப் போய்விட்டாள்.

திரும்பும்போது கோரிப்பாளையத்தில் இறங்கினேன்.
பேட்டரி என்றதும் கடைக்காரர்
"பெரிசா, சின்னதா?" என்றார்.
அருளானந்து வரைந்தது
அந்தப் பையன் முழங்கை நீளம் இருக்கும்.
"பெரிசு," என்றேன்.
"மூணு குடுங்க."